ஹெட்செட் மாட்டியவரோடு முகம் கொடுத்துப் பேச முடியுமா?

கேள்வி

எதிரில் இருப்பவர், கண்களை மறைத்து முகத்தில் மாட்டுகிற, உள்ளே திரை உள்ள ஹெட்செட்டைக் கழற்றாமலே "நீ பேசு, எனக்கு நல்லாத் தெரியுது" என்கிறார். தெரியத்தான் செய்யும், இப்போது வருகிற கருவிகளில் வெளிக்காட்சி கேமரா வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஆனாலும் எனக்குப் பேச்சு வரவில்லை. நாலு நாள் பழகினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது வெறும் பழக்கக் குறைவுதானா? இப்படிச் சங்கடப்பட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு 10.15

இருக்கிறேன். பழக்கக் குறைவு இல்லை என்றும் சொல்வேன்.

போன மாதம், அம்மாவுக்கு இதய ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று சாயங்காலம், நேராக ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். இருபது வருஷப் பழக்கம். அவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "உட்காரு, உன்னைப் பார்த்துட்டுதான் இருக்கேன், சொல்லு" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த கறுப்புக் கண்ணாடி. அதில் தெரிந்தது என் முகம்தான், சின்னதாக, நெற்றி பெருத்து, பின்னால் ஜன்னல் வெள்ளையாக. நான் பேசப் பேச என் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு பேசினேன். "நாள் கடத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று சொன்ன இடத்தில், அதுவரை முழங்கால் மேல் சும்மா கிடந்த அவருடைய வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தன. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கருவியில் க்ளிக் செய்வது அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். எதையோ திறக்கிறார், அல்லது மூடுகிறார்.

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 9, இரவு 11.40

தூக்கம் வரவில்லை, விட்டதையும் எழுதிவிடுகிறேன். கோபம் வந்தால் "அவன் இப்பல்லாம் முகம் கொடுத்தே பேச மாட்டேங்குறான்" என்கிறோம் இல்லையா, அந்தக் "கொடுத்து" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நண்பர் என்னைப் பார்த்தார், அதில் சந்தேகமில்லை. என் முகம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் முகம் எனக்கு வரவில்லை. கடையை மூடிவிட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி.

ஜனவரி 11, காலை 8.05

"ஆப்பிள் கருவியில் கண் வெளியே தெரியுமே, அப்புறம் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பரிடம் இருப்பது அது இல்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேச வேண்டியதுதான், ஏனென்றால் இந்தச் சங்கடம் நிஜம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 2024 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த விஷன் ப்ரோவில், கருவியின் வெளிப்பக்கத்திலேயே ஒரு திரை வைத்திருக்கிறார்கள், பெயர் ஐசைட். மாட்டியிருப்பவரின் கண்கள் அதில் தெரியும். அவர் வேறு உலகத்தில் முழுக்க மூழ்கியிருந்தால் கண்ணுக்குப் பதில் வண்ணப் புகை போல ஏதோ ஓடும். 600 கிராமுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருளில், அதை மாட்டியிருப்பவர் பார்க்கவே முடியாத ஒரு திரையைச் சுமக்க வைத்திருக்கிறார்கள். எதிரில் நிற்பவருடைய நிம்மதிக்காக மட்டும்.

ஆனால் அந்தக் கண், கண் இல்லை. முன்கூட்டியே முகத்தை ஸ்கேன் செய்து உருவாக்கி வைத்த படம், உள்ளே இருக்கும் கேமராக்கள் சொல்கிறபடி அசைகிறது. மங்கலாகவும் இருக்கும். நான் ஒரு தடவை எதிரில் நின்று பார்த்திருக்கிறேன்: தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. யோசித்துச் செய்திருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். நான் தேடியது அதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 11, மதியம் 1.30

கேமராதான் பிரச்சினை, பதிவு செய்கிறார்களோ என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அது வேறு பயம். அது இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கேமரா வைத்த கண்ணாடியான கூகுள் கிளாஸ் 2013-ல் வெளியே வந்தபோது நடந்தது அதுதான். பதிவாகிறது என்று காட்ட அதில் தனி விளக்கு கிடையாது. கண்ணுக்கு மேலே இருக்கும் சின்னப் பட்டகம் ஒளிர்வதைக் கவனித்தால் உண்டு. அதை மாட்டியிருப்பவர்களுக்கு ஊரார் ஒரு கெட்ட பெயரே வைத்துவிட்டார்கள். மூலையில் நின்றுகொண்டு ஆட்களை வெறித்துப் பார்க்காதீர்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள் என்றெல்லாம் 2014-ல் கூகுளே தன் பயனர்களுக்கு எழுதவேண்டி வந்தது. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனையை நிறுத்தினார்கள். இப்போதைய ரே-பான் மெட்டா கண்ணாடியில் முன்பக்கம் வெள்ளை விளக்கு இருக்கிறது, பதிவின்போது எரியும். அதை மூடினால் படம் எடுக்க விடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2024-ல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் அதே கண்ணாடியையும் முகத்தை வைத்துத் தேடும் தளங்களையும் இணைத்து, எதிரில் வருகிற முன்பின் தெரியாதவரின் பெயரையும் விவரங்களையும் எடுக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். மக்களை எச்சரிக்கத்தான் செய்தார்கள். அதைப் பார்த்தபின் சும்மா பார்வைக்குக் கண்ணாடி போட்டவரைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கணம் ஃபிரேமின் ஓரத்தில்தான் கண் போகிறது.

ஆனால் என் நண்பர் என்னைப் பதிவு செய்வார் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அந்த பயம் துளியும் இல்லாத இடத்திலும் பேச்சு நின்றது. அதனால்தான் வேறு என்கிறேன்.

ஜனவரி 12, இரவு 9.20

எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த சோதனையை யாராவது வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அம்மா குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். பிறகு சொன்னபடி முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்கிறாள், இரண்டு மூன்று நிமிஷம். அம்மா எங்கேயும் போகவில்லை, குழந்தையைத்தான் பார்க்கிறாள். குழந்தை சிரித்துக் காட்டுகிறது, விரலை நீட்டுகிறது, கையை ஆட்டிக் கூப்பிடுகிறது, எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. நண்பர் வீட்டில் நானும் இதைத்தான் செய்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், குரலை உயர்த்தினேன், அப்புறம் எழுந்து வந்தேன்.

ஜனவரி 13, காலை 7.50

மேலே எழுதியதில் ஓர் ஓட்டை இருக்கிறது, ராத்திரி படுத்தபின் உறைத்தது. தொலைபேசியில் முகமே தெரியாது. ஆனால் மருத்துவர் சொன்னதைத் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னபோது நாற்பது நிமிஷம் பேசினேன், எங்கேயும் தடுக்கவில்லை. முகம் இல்லாததுதான் காரணம் என்றால் அங்கேயும் நின்றிருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் தங்கை அந்த நாற்பது நிமிஷமும் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். "ம்", "ஆமா", "அய்யோ", "அப்புறம்?" முகம் தெரியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் முகம் செய்கிற வேலையைக் குரல் எடுத்துக்கொள்கிறது. கதை கேட்கிற குழந்தை உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள், தூங்கிவிட்டது என்று. நேரில் பேசும்போது அந்த உம் பாதி கண்ணிலிருந்தும் புருவத்திலிருந்தும் வந்துவிடுகிறது, வாய் திறக்க வேண்டியதில்லை. நண்பர் நேரில்தான் இருந்தார். ஆகவே அவர் வாயால் உம் கொட்டவில்லை, கண்ணாலேயே கொட்டியிருப்பார். அது அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

ஒரு தகவலும் சேர்த்துக்கொள்கிறேன். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வு ஒன்று, கேள்வி முடிந்து பதில் தொடங்குகிற இடைவெளி சராசரியாக ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட் என்கிறது. கண் இமைப்பதைப் போன்ற நேரம். ஒரு சொல்லை யோசித்து வாயில் கொண்டுவரவே அதைப்போல மூன்று பங்கு ஆகும். அதாவது எதிராளி முடிக்கும் முன்பே எங்கே முடிப்பார் என்று நாம் கணித்துத் தயாராகிவிடுகிறோம். அந்தக் கணிப்புக்கு வேண்டிய துப்புகளில் நிறைய முகத்தில்தான் கிடக்கின்றன. துப்பு குறைந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்போம், அல்லது இரண்டு பேரும் காத்திருப்போம். எங்களுக்குள் இரண்டும் நடந்தது.

ஜனவரி 13, இரவு 8.45

"அப்படியானால் ஹெட்செட் போட்டவர் வாயால் உம் கொட்டினால் போதுமா?" போதும் என்று எழுத உட்கார்ந்தேன். அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பாவுக்குக் காது மந்தமாகி ஐந்தாறு வருஷம் ஆகிறது. மிஷின் வாங்கும் முன் இரண்டு வருஷம் எல்லாவற்றுக்கும் உம் கொட்டியே சமாளித்தார். தலையை ஆட்டுவார், சிரிப்பார், "சரி, சரி" என்பார். எதுவுமே கேட்டிருக்காது. மாத்திரையை இரவில் போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு "சரிப்பா, ரொம்ப சந்தோஷம்" என்றார், அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. முகம் கொடுத்தார், உம்மும் கொடுத்தார், சொன்னது போய்ச் சேரவில்லை. நண்பர் விஷயத்தில் நேர் எதிர்: சொன்னது ஒருவேளை போய்ச் சேர்ந்திருக்கும், அடையாளம் திரும்பி வரவில்லை.

மிஷின் வந்தபின் அப்பா தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நாம் சொன்னதில் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார். "செவ்வாய்க்கிழமை வர்றேன்ப்பா." "செவ்வாய்க்கிழமை." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைவிட உறுதியான உம்மை நான் கேட்டதில்லை.

ஜனவரி 15, மாலை 6.10

ஒரு திருத்தம், முக்கியமானது. பார்வையில்லாத ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் யார் கண்ணையும் பார்த்ததில்லை, யாரும் என் கண்ணைப் பார்த்து எதையும் தெரிந்துகொண்டதும் இல்லை. என்னோடு பேசுகிறவர்கள் நடுவில் எழுந்து போவதில்லை." கேமரா வைத்த கண்ணாடி தனக்கு எதிரில் இருக்கும் பலகையை வாசித்துச் சொல்கிறது, அதைக் கழற்று என்று சொல்வது தன் தடியைப் பிடுங்குவது போல என்றும் சொல்கிறார்.

சரி. அவர் சொல்வதே சரி, நான் எழுதியது குறுகல். என்னோடு வேலை பார்த்த ஒருவரும் பார்வையில்லாதவர்தான். அவரிடம் பேசும்போது எனக்கு ஒருநாளும் தயக்கம் வந்ததில்லை. ஏன் என்று இன்றைக்கு முழுக்க யோசித்தேன். நான் பேச ஆரம்பித்தால் அவர் கையில் இருப்பதை வைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது காதை என் பக்கம் திருப்புவார். கேள்வி கேட்டால் வாய் ஓரத்தைக் கடித்துக்கொள்வார். முகம் முழுக்க என் பக்கம் இருக்கும், கண் மட்டும் வேறெங்கோ. ஆக, கண்தான் வேண்டும் என்றில்லை. கவனம் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டும், எந்த வழியாக என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஜனவரி 9 எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜனவரி 15, இரவு 10.30

கழற்றி வை என்று சட்டம் போட முடியாது என்பதற்கு வீட்டிலேயே ஓர் உதாரணம் இருந்தும் நான் மறந்துவிட்டேன். என் மகளுக்கு இரைச்சல் தாங்காது. மிக்சி ஓடினால், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால், நெஞ்சு படபடக்கும். பெரிய ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். பாதி நேரம் அதில் பாட்டே ஓடாது. உறவுக்காரர்கள் "பெரியவங்க பேசும்போது அதைக் கழற்றி வைக்க மாட்டியா" என்பார்கள். அவள் மாட்டியிருப்பதே அவர்கள் பேச்சைக் கேட்க முடிய வேண்டும் என்பதற்காக. இதை எத்தனை பேருக்கு விளக்குவது.

ஆனால் யாராவது அவளைக் கூப்பிட்டால் ஒரு பக்கத்துக் குமிழை மட்டும் இரண்டு விரலால் தூக்கிக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வாள். காது வெளியே தெரியும். கேட்பதற்கு அது தேவையே இல்லை, அந்தக் கருவியில் வெளிச்சத்தம் கேட்கிற வசதி இருக்கிறது. ஏன் தள்ளுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "கேட்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்றாள். பதினான்கு வயது.

ஜனவரி 16, காலை 7.15

மகள் சொன்னதிலிருந்து பழைய வாக்மேன் நினைவு. 1979-ல் சோனி விட்ட முதல் வாக்மேனில் ஹெட்ஃபோன் செருக இரண்டு துளை இருக்கும், இரண்டு பேர் சேர்ந்து கேட்க. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் உண்டு, ஹாட் லைன் என்று பெயர். அழுத்திப் பிடித்தால் பாட்டு தணிந்து, உள்ளே இருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். தனியாகக் காதை அடைத்துக்கொள்வது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று சோனியை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டாவே கவலைப்பட்டாராம். ஜனங்கள் கவலைப்படவில்லை, ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் போய்விட்டது.

இன்றைக்கு நாம் பேச வாயெடுத்தாலே தானாகப் பாட்டைத் தணித்து எதிரில் இருப்பவர் குரலை உள்ளே விடுகிற இயர்பட்ஸ் வந்துவிட்டன. வேலையைப் பார்த்தால் ஹாட் லைனைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒருவர் ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தியபோது எதிரில் இருந்தவர் அந்த விரலைப் பார்த்தார். இப்போது பார்க்க எதுவுமில்லை. மகள் குமிழைத் தள்ளுகிறாளே, அவள் அந்த விரலைத்தான் தன் பங்குக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு அவள் மேல் அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

ஜனவரி 19, இரவு 9.00

நண்பரிடம் கேட்டுவிட்டேன். "அவரிடமே கேளுங்களேன்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள், நன்றி. தொலைபேசியில்தான்.

அன்றைக்கு விரலைச் சேர்த்தாயே, என்ன செய்தாய் என்றேன். முதலில் அவருக்கு நினைவே வரவில்லை. அப்புறம் சொன்னார். நான் உள்ளே வந்தபோது அவருக்கு முன்னால் ஒரு கணக்குப் பட்டியல் விரிந்து கிடந்ததாம், பெரிதாக, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் காற்றில். அதன் ஓரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "உன் குரல் உடைஞ்சுது. அதான் அதை மூடினேன், உன் முகம் முழுசாத் தெரியணும்னு."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச வரவில்லை. நான் எந்தக் கணத்தில் அவர் போய்விட்டார் என்று நினைத்தேனோ, அந்தக் கணத்தில்தான் அவர் வந்திருக்கிறார்.

அதைக் கழற்றியிருக்கலாமே என்றேன். "கழற்றினா எனக்கு உன்னைத் தெரியாதே" என்றார். அவருக்குக் கிட்டப்பார்வை, நல்ல பவர். கண்ணாடியை அதற்குள் போட முடியாது என்று பவர் லென்ஸை ஹெட்செட்டுக்கு உள்ளேயே பொருத்தியிருக்கிறார். அவருடைய கண்ணாடி உள் அறையில் எங்கேயோ. ஆக அவர் முகத்தை நான் பார்க்க வேண்டுமென்றால் என் முகம் அவருக்கு வெறும் மங்கலாகிவிடும். அன்றைக்கு இதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதமாக நான் மனதில் வைத்துக்கொண்டிருந்தது அவர் கழற்றவில்லை என்பதைத்தான்.

ஜனவரி 19, இரவு 9.25

கேள்வி கேட்டவருக்கு: "பழகினால் சரியாகும்" என்பதை நான் இப்போதும் ஏற்கவில்லை. அவர் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அது தெரிந்தபின்னும் அன்றைக்கு நான் தவித்த தவிப்பு பொய்யாகிவிடவில்லை. கேட்பவரிடம் குறை இல்லாமலே பேசுகிறவர் தனியாகிவிட முடியும். நான் பழகிக்கொள்வதால் அவருடைய புருவம் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவரும் நானும் வாய் திறந்து கேட்டிருக்கலாம். அந்த இடத்திலேயே "இப்ப என்ன மூடினே?" என்று கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

ஜனவரி 28, மதியம் 2.40

அம்மாவைப் பற்றி விசாரித்தவர்களுக்கு: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நேற்றிலிருந்து வராந்தாவில் நடக்கிறார்.

அதைச் சொல்ல நண்பர் வீட்டுக்குப் போனேன். மாட்டியிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் அதைக் கழற்றினார். கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்பாக வளையம் பதிந்திருந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் பொதுவாகப் பார்த்தார். மேசையைத் தடவினார். கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி இருந்தது. எடுத்து மாட்டி, மூக்கில் சரிசெய்துகொண்டு, "ம், சொல்லு" என்றார்.